ஏர் எடுக்கும் கை

ஆழ்வார்திருநகரி வழியாக வாழைத்தார் ஏற்றிப்போகும் பழைய டாடா 407, பாதி வழியில் இழுவை குறைந்து நின்றுபோனால், நல்ல மெக்கானிக் முதலில் டேங்கைத்தான் பார்ப்பார். டீசல் இருக்கிறதா? அடுத்து, பைப்பில் கசிவு உண்டா? பிறகுதான் ஸ்பேனர்.

1986-இல் அறிமுகமான மாடல் அது. அந்தக் கால வண்டியில் கோளாறைச் சொல்லக் கம்ப்யூட்டர் கிடையாது. கைதான் கண்டுபிடிக்க வேண்டும். டீசல் லைனில் காற்று புகுந்துவிட்டால், பம்ப் தள்ளும்போதெல்லாம் அந்தக் காற்று சுருங்கிக்கொள்ளும். நாசில் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது. அதனால் ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குருவைத் தளர்த்திவிட்டு ஹேண்ட் பம்பை அமுக்குவார். முதலில் நுரை சீறும். அப்புறம் குமிழிகள், பெரிதும் சிறிதுமாக. குமிழியே இல்லாத டீசல் வழியும்வரை அமுக்கி, ஓட்டம் நிற்கும் முன்பே ஸ்குருவை இறுக்குகிற அந்தக் கைக்கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மறுநாளும் ஏர் பிடித்தால், பைப் முனையிலுள்ள செம்பு வாஷரைச் சந்தேகப்படலாம். பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். இறுகியிருந்த செம்பு மிருதுவாகி மறுபடி படிந்து உட்காரும். ஆனாலும் புது வாஷர் போடுவதே நல்லது. விலையும் சொற்பம்தான்.