எள்ளளவு தப்பிய குண்டு

மேல்நாட்டு இலக்கியத்தில் மாற்றுச் சரித்திரக் கதை என்று ஒரு வகை உண்டு. நடந்து முடிந்த சரித்திரத்தில் ஓரிடத்தில் கை வைத்து, தோற்றவனை ஜெயிக்க விட்டோ செத்தவனைப் பிழைக்க வைத்தோ, அப்புறம் உலகம் எப்படிப் போயிருக்கும் என்று கணக்குப் பார்க்கிற கதை. கேட்க விளையாட்டாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விளையாட்டை வெகு காலத்துக்கு முன்பே ஆடியவர், ரோமாபுரியின் சரித்திராசிரியரான லிவி. அலெக்ஸாண்டர் மேற்கே திரும்பி ரோமாபுரியின்மேல் படையெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தம் சரித்திரத்தின் ஒன்பதாம் புத்தகத்தில் சற்று நின்று யோசிக்கிறார். ரோமாபுரிதான் ஜெயித்திருக்கும் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்! பதினெட்டு நூற்றாண்டு கழித்து, 1836-ல், லூயி ஜியோஃப்ராய் என்ற பிரெஞ்சுக்காரர் நெப்போலியன் உலகம் முழுவதையும் பிடித்துவிட்டதாகவே ஒரு புத்தகம் எழுதினார். ஊர்ப்பாசம் லேசில் விடுகிற வியாதியல்ல.

தோற்ற சண்டையைக் காகிதத்தில் ஜெயிக்கும் இந்தச் சரக்கில் எனக்கு அதிக ருசி கிடையாது. இந்த வகையில் எனக்குப் பிடித்தது ஒரு மராட்டிக் கதை; ஜயந்த் நார்லீகர் எழுதிய ‘கங்காதர்பந்தாஞ்சே பானிபத்’. நார்லீகர் (1938-2025) பெரிய வானவியல் விஞ்ஞானி. ஓய்ந்த நேரத்தில் கதையும் எழுதினார். இந்தக் கதை ஆங்கிலத்தில் சுருங்கி, மத்தியப் பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்பு ‘ஹார்ன்பில்’ புத்தகத்தில் ஒரு பாடமாக உட்கார்ந்தது. நம் தேசத்தில் எத்தனையோ பிள்ளைகள் மாற்றுச் சரித்திரத்தை முதன்முதலில் சந்தித்தது அங்கேதான். அதற்கு அப்படி ஒரு பெயர் உண்டு என்று தெரியாமலே சந்தித்தார்கள்.

வேறெப்படிச் சந்திக்க முடியும்? எங்கள் திண்டுக்கல்லில் புத்தகக் கடைக்குப் போய், மாற்றுச் சரித்திரக் கதை இருக்கிறதா என்று கேட்டால், கடைக்காரர் சரித்திரப் பாடத்துக்குக் ‘கைடு’ எடுத்து நீட்டுவார். பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குகிற வகையல்ல இது. கை தவறி அகப்பட வேண்டும்.

என் அண்ணன் மகளுக்கு அப்படித்தான் அகப்பட்டது. பரீட்சைக்கு இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தவள் புத்தகமும் கையுமாக வந்து, “சித்தப்பா, இந்தப் பானிபத் சண்டையில நிஜமா யாரு ஜெயிச்சா?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நிஜத்தில் நடந்தது தெரியாதவளுக்கு அந்தக் கதை என்ன கதையாக இருந்திருக்கும்? புரொபஸர் ஒருவர் லாரியில் அடிபட்டு ஏதோ கனவு கண்டார் என்பதற்குமேல் ஒன்றும் இராது.

கதையைப் பாருங்கள். பூனாவைச் சேர்ந்த சரித்திரப் பேராசிரியர் கங்காதர்பந்த், லாரி மோதிய கணத்தில் வேறொரு சரித்திரத்துக்குள் விழுந்துவிடுகிறார். பம்பாய்க்கு ரயிலேறிப் போனால், அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி இன்னும் ஜாம் ஜாமென்று வியாபாரம் செய்துகொண்டிருக்கிறது. டவுன் ஹால் நூல்நிலையத்துக்குப் போய்த் தாமே எழுதிய சரித்திரத்தின் ஐந்து பாகங்களையும் எடுத்துப் புரட்டுகிறார். நான்கு பாகம் வரை எல்லாம் அவர் எழுதியபடியே இருக்கிறது. ஐந்தாம் பாகத்தில் பானிபத்தில் மராட்டியர் ஜெயித்திருக்கிறார்கள்! 1761 ஜனவரி 14-ஆம் தேதி பேஷ்வாவின் மகன் விசுவாசராவைக் கொன்ற குண்டு, இந்தச் சரித்திரத்தில் அவன் காதோரமாக எள்ளளவு தப்பிப் போய்விடுகிறது. நார்லீகர் மாற்றியது அந்த எள்ளளவைத்தான். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக முளைக்கிறது.

இதில் இரண்டு இடங்கள் எனக்கு உயர்வாகப் படுகின்றன. மராட்டியர் ஜெயித்துவிட்டதனால் வெள்ளைக்காரன் மூட்டை கட்டிவிடவில்லை. குத்தகைதாரனாகப் பம்பாயில் இருக்கிறான், குத்தகை 2001-ல் முடிகிறது. ஆசைக்குக் கடிவாளம் போடத் தெரிந்த எழுத்தாளர் செய்கிற காரியம் இது. இன்னொன்று, பேராசிரியர் தம் மகன் வேலை பார்க்கும் கட்டிடத்தைத் தேடிப் போகிற இடம். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று பதில் வருகிறது. தேசம் ஜெயித்த சரித்திரத்தில் சொந்தப் பிள்ளையைக் காணோம்! நார்லீகர் இதை நாலு வரியில் கடந்து போய்விடுகிறார். நாவலாசிரியன் கையில் கிடைத்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பான். கடைசியில் எலெக்ட்ரான் எப்படி நடந்துகொள்ளும் என்று நண்பர் ஒருவர் விளக்கம் சொல்ல வருகிறாரே, அங்கே விஞ்ஞானி கதாசிரியரைப் பிடரியில் பிடித்துத் தள்ளிவிட்டுப் பேசுகிறார். அந்தப் பகுதி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

என் அண்ணன் மகளின் கேள்விக்கு வருகிறேன். குண்டு பட்டது தெரிந்தவனுக்குத்தான் குண்டு தப்பியபோது உடம்பு சிலிர்க்கும். ராபர்ட் ஹாரிஸின் ‘ஃபாதர்லாண்ட்’ (1992) நாவலும் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. ஹிட்லர் ஜெயித்துவிட்டான், 1964-ல் அவனுடைய எழுபத்தைந்தாவது பிறந்த நாளுக்குப் பெர்லினில் தோரணம் கட்டுகிறார்கள். அந்த ஊர்த் துப்பறியும் அதிகாரி ஒருவன் ஒரு கொலையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, யூதர்கள் எங்கே போனார்கள் என்ற ரகசியத்தை நோக்கிப் போகிறான். அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். அந்த நாவலின் பயங்கரம் முழுவதும் நமக்குத் தெரிந்ததிலேதான் இருக்கிறது. ஹாரி டர்டில்டவ் 1988-ல் எழுதிய ‘தி லாஸ்ட் ஆர்ட்டிகிள்’ நம்மைத் தொடுவதற்கும் இதுதான் காரணம். இந்தியாவைப் பிடித்த ஜெர்மானியரிடம் காந்தியடிகள் சத்தியாக்கிரகம் செய்து பார்க்கிற கதை. வெள்ளைக்காரனிடம் அது பலித்தது நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தக் கதையின் முடிவைத் தாங்க முடிவதில்லை.

தமிழில் ஏன் இந்த வகை வேர்விடவில்லை என்பதற்கும் பதில் இங்கேயே கிடைக்கும் என்று தோன்றுகிறது. நமக்குச் சரித்திர நாவல் பஞ்சம் இல்லை. 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் வந்த ‘பொன்னியின் செல்வ’னை இன்றும் புதிது புதிதாக வாசிக்கிறார்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று உடையார்குடிக் கல்வெட்டு சில பெயர்களைச் சொல்கிறது. ஏன், எப்படி என்பதைச் சொல்லவில்லை. கல்வெட்டு வாய் மூடிக்கொண்ட இடத்தில் கல்கி வாய் திறந்தார். அது சரித்திர நாவலாசிரியனின் நியாயமான உரிமை. ஆனால் கல்கி சிருஷ்டித்த நந்தினியைச் சரித்திரத்தில் வாழ்ந்தவளாகவே நினைத்து வாதாடுகிறவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். கதையே சரித்திரமாகிவிட்ட இடத்தில் சரித்திரத்தை மாற்றிக் கதை எழுத வருகிறவன் எதன்மேல் கால் வைத்து நிற்பான்? அவன் மாற்றியதையும் நிஜமென்று எடுத்துக்கொண்டு அடுத்த தலைமுறை சண்டை போடும். இது வெறும் இலக்கியக் கவலை அல்ல.

நாம் உண்மையில் நெட்டுருவாக அறிந்திருப்பது இதிகாசம். அதனால் நம்மவர் மாற்றிப் பார்த்ததும் அதைத்தான். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ (1943) இதற்குச் சாட்சி. கல்லாயிருந்து பெண்ணான அகலிகை, சீதையை ராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் மறுபடி கல்லாகிவிடுகிறாள். அடிக்குறிப்பு, முன்னுரை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அகலிகை கதை பாட்டிக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும். அடி நேராக விழுந்தது. மாற்றுச் சரித்திரத்துக்கு மிக நெருங்கின தமிழ்க் கதை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நார்லீகர்மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. பூனாவிலிருந்து பம்பாய் வரை பார்த்தவர் தெற்கே திரும்பிப் பார்க்கவில்லை. பானிபத்தில் பாய்ந்த குண்டுக்கும் எங்கள் திண்டுக்கல் மலைக்கும் சம்பந்தம் இருக்கிறது. 1755-ல் மைசூர்க்காரர்கள் ஹைதர் அலியைத் திண்டுக்கல்லுக்கு பௌஜ்தாராக அனுப்பினார்கள். இங்கேதான் அவர் பாளையக்காரர்களை அடக்கினார். பிரெஞ்சுக்காரர்களை வைத்து ஆயுதச்சாலை அமைத்தார். பணமும் படையும் சேர்த்தார். 1760-ல் காண்டே ராவ் மராட்டியப் படையைத் துணை சேர்த்துக்கொண்டு திரும்பியபோது, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் குடும்பத்தைப் போட்டுவிட்டு ஹைதர் பெங்களூருக்கு ஓட வேண்டியதாயிற்று. கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் வடக்கே பானிபத்தில் பேரிடி விழுந்தது. மராட்டியப் படை கிடைத்ததை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டது. 1761 முடிவதற்குள் மைசூர் ஹைதர் கையில் இருந்தது.

அதற்குப் பதினோரு வருஷம் கழித்து, 1772-ல், காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் நவாபு-கம்பெனிப் படையிடம் மாண்டார். ராணி வேலு நாச்சியார் பெண் குழந்தையுடன் தஞ்சம் புகுந்தது திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியில், கோபால நாயக்கரிடம். படை கொடுத்து உதவியவர் ஹைதர். 1780-ல் ராணி சிவகங்கையை மீட்டார். அந்தக் குண்டு விசுவாசராவின் காதோரமாகப் போயிருந்தால், மராட்டியப் படைக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு அவசரமாகக் கிளம்பத் தேவையிராது. ஹைதர் எழுந்திருப்பதே சந்தேகம். அப்போது ராணி யார் கதவைத் தட்டியிருப்பார்? பூனாக்காரர் கொண்டாடுகிற எள்ளளவு, சிவகங்கைக்காரருக்கு எமனாகியிருக்கும்!

இதைத் தமிழில் யாராவது எழுதலாம். பி. ஆர். ராஜமய்யர், பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா என்று மூன்று பேரை வத்தலக்குண்டு ஒன்றே தந்திருக்கிறது. இந்தப் பக்கத்து மண்ணுக்கு எழுத்து புதிதல்ல. எழுத வருகிறவருக்குப் பாதி நாவல், நடந்தது இன்னதென்று சொல்வதிலேயே போய்விடும். மலைக்கோட்டையைக் காற்று வாங்கும் இடமாக மட்டும் அறிந்த வாசகர்களை வைத்துக்கொண்டு வேறு வழியில்லை. மீதிப் பாதிதான் கஷ்டமானது. நிஜத்தில் கோபால நாயக்கரைக் கம்பெனியார் 1801-ல் தூக்கிலிட்டார்கள். மாறிய சரித்திரத்தில் அவர் விருப்பாட்சியில் கிழவராகிப் பேரன் பேத்திகளுக்கு நடுவே கண்ணை மூடியிருக்கக்கூடும். அவர் பெயர் நமக்கு எட்டாமலே போயிருக்கவும் கூடும். நாவலாசிரியர் இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் எழுத வேண்டியிருக்கும்.