பிரேக் இல்லாத வண்டியின் நிதானம்

ஒரகடத்தில் உருவாகும் எந்த வண்டியும் பிரேக் சோதனை தாண்டாமல் ஆலை வாசலுக்கு வராது. புல்லட்டானாலும் பாரத்பென்ஸ் லாரியானாலும் அதே கதைதான். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தயப் பாதையே இருக்கிறது. இந்தப் பகுதிக்கு வேகம் புதிதில்லை. ஆனால் சைக்கிள் பந்தய வீரர் ரொனால்டோ சிங் ஓட்டும் சைக்கிளில் பிரேக் கிடையாது. ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். காலைச் சும்மா வைத்திருக்க முடியாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமா, சுற்றிவரும் பெடலைத் தொடையால் எதிர்த்து நிற்க வேண்டும்.

மணிப்பூர்க்காரர்; பெயர் பிரேசில் கால்பந்து தந்தது. 2019இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் (ஓடர் நதிக்கரை ஊர், விமான நிலையத்து ஃபிராங்ஃபர்ட் அல்ல) நகரில் ஜூனியர் உலக டிராக் சைக்கிள் போட்டி. டீம் ஸ்பிரின்ட்டில் ஈசோ ஆல்பென், ரோஜித் சிங்கோடு சேர்ந்து தங்கம். சைக்கிளில் இந்தியாவின் முதல் உலகத் தங்கம் அது. அந்தமான் நிக்கோபாரிலிருந்து வந்த ஈசோ அதற்கு முந்தைய ஆண்டே ஸ்விட்சர்லாந்தின் ஏகிளில் கெய்ரின் என்ற மற்றொரு ஸ்பிரின்ட் வகைப் போட்டியில் வெள்ளி வென்றிருந்தார்.

இருந்தும் என் மனசு அந்தத் தங்கத்தைவிட 2022 ஜூனில் டெல்லி இந்திரா காந்தி அரங்கின் மரத்தளத்தில் ரொனால்டோ தனி ஸ்பிரின்ட்டில் வென்ற வெள்ளியைத்தான் தூக்கி வைக்கிறது. ஆசியப் போட்டியின் சீனியர் பிரிவில் இந்தியருக்குக் கிடைத்த முதல் வெள்ளி. டீம் ஸ்பிரின்ட்டில் எதிராளி பாதையின் மறுபுறத்தில் இருப்பார், கடிகாரத்தோடுதான் மோதல். தனி ஸ்பிரின்ட்டில் எதிராளி கைக்கெட்டும் தூரத்தில்.

அதிலும் சுவை இருப்பது முதல் சுற்றுகளில். யார் முன்னால் போவது என்று சீட்டு முடிவு செய்யும். முன்னால் போவது சங்கடம்: பின்னால் இருப்பவருக்கு இவர் தோள் அசைவு முழுவதும் தெரியும், இவருக்கோ கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் அவர் தெரிவார். அதனால் முன்னவர் 40 பாகைக்கும் மேலான சரிவில் மெல்ல ஏறுவார். அப்படியே நின்றுவிடுவார். கால் தரையில் படாது. முன்சக்கரம் மேட்டுப் பக்கம் திரும்பியிருக்கும்; சரிவு கீழே இழுக்க, பெடலில் ஒரு பொட்டு அழுத்தம் மேலே தள்ள, இரண்டுக்கும் நடுவே வண்டி நடுங்கிக்கொண்டு நிற்கும். 30 வினாடிக்கு மேல் நிற்க விதி விடாது. நடுக்கோட்டருகே மூச்சடக்கி நிற்கும் கபடிக்காரன்போல இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள். பொறுமை இழந்தவர் முன்னே போவார். பின்னவர் அவர் முதுகில் ஒட்டிக் காற்றிலிருந்து ஒதுங்கிக்கொள்வார்.

கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும். ஏறி வைத்த உயரத்தை இப்போது வேகமாக மாற்றி ஒரே பாய்ச்சலில் கீழே இறங்குவார்கள். பாதையின் உள்விளிம்பை ஒட்டி ஒரு சிவப்புக் கோடு. அதற்குள் முதலில் புகுந்து முழுவேகத்தில் போகிறவரை உள்பக்கமாக முந்தக் கூடாது. வெளியே சுற்றித்தான் வர வேண்டும், அதாவது கூடுதல் தூரம். 200 மீட்டரைப் பத்து வினாடியில் கடந்தால் மணிக்கு 72 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வளைவுக்கு வெளியே போகும் ஒவ்வொரு சாணும் கணக்கில் ஏறும்.

இறுதிப்போட்டியில் ரொனால்டோவை வென்றவர் ஜப்பானின் கென்டோ யமசாகி. 1948 முதல் கெய்ரினைத் தொழில்முறைப் பந்தயமாக நடத்தும் நாடு அது. அங்கே ஸ்பிரின்ட் ஒரு முழுநேர வேலை. நம்மிடமோ மரத்தளப் பாதையைப் பார்க்கவே டெல்லி போக வேண்டியிருக்கிறது. தோற்றாலும் அந்த வெள்ளிக்கு எடை அதிகம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரகடத்துக்காரர்களுக்கு டெல்லி தூரம்தான், மேலக்கோட்டையூர் அப்படியில்லை. படப்பை வழியாக வண்டலூர் வந்து, ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டி, கேளம்பாக்கம் ரோட்டில் போனால் உடற்கல்வி விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் சைக்கிள் பந்தயப் பாதை வந்துவிடும். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா டிராக் சைக்கிள் போட்டிகள் அங்கேதான் நடந்தன. அடுத்த போட்டிக்கு ஷிஃப்ட் இல்லாத நாளில் போய்ப் பாருங்கள். மணி அடித்த பிறகு வந்து உட்காராதீர்கள். பார்க்க வேண்டியது அதற்கு முன்பே நடந்துவிடும்.