டப்பா சிறிது, கீர்த்தி பெரிது!

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஆபத்துக்கு உதவும் சாமான்களோடு சட்டைப் பையில் அடங்கும் தகர டப்பா அது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்குமாக பஸ்ஸில் அலைகிற ஆள் நான்; பர்ஸை மறந்தாலும் மறப்பேன், இதை மறக்கவே மாட்டேன்!

ஏன் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர், திண்டிவனத்தில் 37 சென்டிமீட்டர் மழை. பின்னாலேயே சாத்தனூர் அணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை திறந்துவிட, தென்பெண்ணை பொங்கியது. அரசூரில் தேசிய நெடுஞ்சாலை முடங்கியது. முண்டியம்பாக்கம் பக்கம் பாலத்தில் தண்ணீர் ஏறியதால் ரயிலும் நின்றது. கரண்ட் போய், செல்போனும் செத்துவிட்டால் கைக்கு எட்டுகிற பொருள்தான் தெய்வம்.

டப்பாவுக்கு நான் வைத்திருக்கும் சட்டம் ஒன்றுதான்: இரண்டு வேலையாவது தெரிந்த பொருளுக்கே உள்ளே இடம்!

முதல் மரியாதை படிகாரத்துக்கு. கலங்கல் தண்ணீரில் அந்தக் கட்டியை நாலு சுற்றுச் சுற்றி, ஆடாமல் வைத்துப் பாருங்கள். சேறு திரண்டு திரண்டு அடியில் இறங்கும் அழகே அழகு! ஆனால் படிகாரம் கிருமியைக் கொல்லாது. தெளிந்ததை மட்டும் இறுத்து, குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். கலங்கலிலேயே மாத்திரையைப் போட்டால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். சின்ன வெட்டுக்காயமா? அதே கட்டியை ஈரமாக்கித் தேய்த்தால் ரத்தம் நிற்கும்.

அடுத்தது கற்பூரம். தண்ணீரில் மிதந்துகொண்டே எரியும் சூரன்! ஈர விறகையும் பற்றவைக்கும், இருட்டில் விளக்காகவும் நிற்கும். காற்றில் கரைந்துபோகும் என்பதால் பாலித்தீனில் இறுக்கிச் சுற்றுங்கள். குழந்தைகள் வாயில் போட்டால் விஷம், கவனம்.

ஊக்கு இருக்கிறதே, அறுந்த செருப்பு வார், கிழிந்த பை, முள், கட்டுத்துணி என எதற்கும் முகம் சுளிக்காது. தங்கூசி நரம்பு தையல் நூலாகும், கொடிக் கயிறாகும், மீனும் பிடிக்கும். மடித்து வைத்த பெரிய பாலித்தீன் பை மழைக்கோட்டு, தண்ணீர்க் குடம், செல்போனுக்குக் கவசம்!

குளோரின் மாத்திரை போக, சட்டத்துக்கு விலக்கு இன்னும் இரண்டே. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று, தொண்டை வற்றினாலும் ஆள் இருப்பதைச் சொல்லும் விசில் மற்றொன்று. கூடவே சில்லறை நோட்டுகள், 1077 (மாவட்டப் பேரிடர் உதவி), 108 (ஆம்புலன்ஸ்), வீட்டு எண்கள் எழுதிய துண்டுச் சீட்டு.

நாட்டு மருந்துக் கடை, மெடிக்கல், ஃபேன்சி ஸ்டோர் என்று ஒரே நடையில் எல்லாம் கிடைத்துவிடும். செலவு ஒரு பிரியாணிக் கணக்குதான். ஐப்பசி பிறப்பதற்குள் வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மாத்திரையின் காலாவதித் தேதியைப் பாருங்கள்!