பல்வரைசர் சேர்க்கும் காந்தம்

ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரி, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி எதுவானாலும் ஆய்வகத்தில் முதலில் ஜா கிரஷரில் உடைபடும், பிறகு பல்வரைசரில் அரைபடும். சாம்பலும் ஈரப்பதமும் பார்க்க 212 மைக்ரான் சல்லடையில் இறங்கும் பொடி தேவை. எஃகுப் பல்வரைசர் அதைச் சில நிமிடங்களில் தந்துவிடும். தேய்மானத்தால் டன்னுக்கு 20 கிராம் இரும்பு கலந்தால்தான் என்ன? தால்ச்சர் நிலக்கரியில் இயல்பாகவே டன்னுக்குப் பத்து கிலோவை ஒட்டி இரும்பு உண்டு. வேதியியல் பகுப்பாய்வில் இது கணக்கிலேயே வராது.

காந்த அளவீட்டில் கதையே வேறு. கரிமம் காந்தத்தை விலக்கும். கிராஃபைட் படிகத்தில் அந்தக் குணத்தை 1930களில் கல்கத்தாவில் ஆராய்ந்தவர் வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே.எஸ்.கிருஷ்ணன். பைரைட்டில் கட்டுண்ட இரும்புக்கு ஈர்ப்பு மிகச் சொற்பம். தனி உலோகமாக உதிர்ந்த இரும்போ, அதே 20 கிராம் அளவிலேயே ஒரு டன் சுத்தக் கரியின் விலக்கத்தை அழித்துவிடும். பத்து கிராம் மாதிரிக்கு 0.2 மில்லிகிராம் போதும். மைனஸ் பிளஸ் ஆகிவிடும்.

இதைவிட மோசமான சிக்கல் ஒன்று உண்டு. சாம்பல் மிகுந்த இந்திய நிலக்கரியில் இருக்கும் குவார்ட்ஸ் எஃகை அராவும். சாம்பல் கூடக் கூடத் தேய்மானமும் கூடும். 'சாம்பல் ஏறினால் காந்தமும் ஏறுகிறது' என்று அழகான நேர்கோடு வரைபவர், நிலக்கரியை விட்டுவிட்டுப் பல்வரைசரைத்தான் ஆராய்ந்திருக்கக்கூடும்.

மாற்றுவழிகளும் அவ்வளவு யோக்கியமில்லை. காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூட நசுங்கி உதிரும்போது காந்தத்தன்மை பெறலாம். டங்ஸ்டன் கார்பைடைப் பிணைப்பது பெரும்பாலும் கோபால்ட். அதுவும் காந்த உலோகம். புது அம்மியில் முதல் அரைப்பைக் கொட்டுவதுபோல் முதல் பொடியைக் கொட்டினால், முந்தைய மாதிரியின் மிச்சம்தான் போகும், தேய்மானம் நிற்காது. காந்தத்தால் துழாவி எடுத்தால் நிலக்கரியின் சொந்த மேக்னடைட்டும் கூடவே போய்விடும். அகேட் கல்வம் நல்லது. ஆனால் விலை அதிகம், வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

எஃகுதான் கதி என்றால், ஒரே நிலக்கரியை இரண்டு, நான்கு, எட்டு நிமிடம் அரைத்து அளந்து பார்க்கலாம். அளவு ஏறிக்கொண்டே போனால் சந்தேகம் வலுக்கும். சுத்தமான குவார்ட்ஸ் மணலையும் அதே நேரம் அரைத்து அளந்தால் பல்வரைசரின் பங்கு ஓரளவு பிடிபடும். இந்த விவரம் இல்லாத நிலக்கரிக் காந்த அட்டவணையை நான் நம்புவதில்லை.

எரிந்த சாம்பலுக்கு இவ்வளவு கெடுபிடி வேண்டாம். உலையில் பைரைட் மேக்னடைட்டாக மாறிவிடுவதால், பறக்கும் சாம்பலின் காந்தத்துக்கு முன் பல்வரைசர் இரும்பு ஒரு சதவீதம்கூடத் தேறாது. மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலை யாரேனும் எஃகில் அரைத்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.