பதினெட்டு அடிகள்

ஆத்திசூடியின் 109 அடிகளில் என் மனம் ஒட்டிக்கொண்டிருப்பது 14 முதல் 31 வரை, க தொடங்கி ன முடிய எழுத்துக்கு ஓர் அடியாக வரிசையில் வரும் பதினெட்டில்தான். அறம் சொன்ன ஔவையை எல்லாரும் கொண்டாடியாயிற்று. எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஔவையின் கைத்திறன் அங்கேதான் இருக்கிறது.

ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டும் தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வாரா. வரிசைப்படி அடி கட்டுகிறவருக்கு இது முட்டுச்சந்து. ஔவை ட, ண, ல, ள-வுக்கு முன்னால் ஓர் இகரம் வைக்கிறார். ர, ழ, ற, ன-வுக்கு முன்னால் ஓர் அகரம். எழுத்து இரண்டாம் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வீட்டை அளவுக்கு மிஞ்சிக் கட்டாதே என்பதில் ட, பாம்போடு விளையாடாதே என்பதில் ர, இலவம்பஞ்சு மெத்தையில் ல. 13-ஆம் அடியில் ஆய்தத்துக்கும் இதே உபாயம். எந்த எழுத்து வாசலில் நிற்கும், எது நிற்காது என்பதை ஐந்து வயதுப் பிள்ளை நன்னூலைத் தொடாமலே நாக்கில் ஏற்றிக்கொள்கிறது.

ங-வுக்கு அந்த உபாயமும் வேண்டியிருக்கவில்லை. எழுத்தையே உவமையாக்கிவிட்டார்! அதன் வடிவைப் போல வளைந்து பணிந்து நட என்று பொருள் சொல்வோர் உண்டு. எனக்கு மற்ற உரைதான் பிடிக்கும்: ஙா முதல் ஙௌ வரை, ஒரு சொல்லுக்கும் உதவாத பதினொன்றையும் தள்ளிவிடாமல் அணைத்து வைத்திருக்கிறதே ங, அப்படிச் சுற்றத்தைத் தழுவிக்கொள்.

பாரதியின் புதிய ஆத்திசூடியே போதும் என்பார் என் நண்பர். அந்த 110 அடிகளின் வீறு எனக்கும் தெரியும். ஆனால் அதில் ங இல்லை, ட இல்லை, ஆய்தமும் இல்லை. ர, ல வரும் இடங்களில் பெரும்பாலும் வடசொற்கள் நேராக வந்து நிற்கின்றன. அதை வைத்துக்கொண்டு மணலில் விரல் பிடித்து எழுத்துச் சொல்லித்தர முடியாது.

எங்கள் தொடக்கப் பள்ளியில் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். டீச்சர் அடியைச் சொல்வார், நாங்கள் அதற்குரிய எழுத்தை எழுத வேண்டும். ட-வின் அடிக்கு நான் இ எழுதிவிட்டு விழிப்பேன். “அடுத்த எழுத்தைப் பாருடா” என்று தலையில் தட்டுவார்.

அண்மையில் பேத்திக்கு வாங்கிய வண்ணப் புத்தகத்தில் இருபது அடிகளைப் பொறுக்கிப் போட்டிருந்தார்கள். படங்கள் நன்றாக இருந்தன. எழுத்து வரிசை இல்லை. ங-வின் அடியும் இல்லை. எது எந்த எழுத்துக்கு உரியது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பின்னட்டையின் உள்பக்கத்தில் பதினெட்டையும் நானே எழுதி, அந்த எட்டு எழுத்துகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தேன்.