கோழித்தோலும் காகமும்

லங்காவி போய்வந்த நண்பர் செம்பருந்துப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். விரித்த சிறகு, நீட்டிய நகம், துல்லியமான கண். கீழே ஷட்டர் வேகம்: 1/3200. "செம்ம ஷார்ப்!" என்று பதில் போட்டேன். மறுநாள் யோசித்தால் ஒரு படமும் ஞாபகத்தில் இல்லை.

கிலிம் சதுப்புநிலக் காட்டில் படகேறியவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். படகோட்டி கோழித்தோலை நீரில் வீசுவார். பருந்துகள் ஒரே மாதிரி இறங்கும். பறவையின் கண்ணைக் கேமராவே தேடிப் பிடித்துக்கொள்ளும், நொடிக்கு 20 படம் எடுக்கும். கோழித்தோல் மட்டும் எந்தப் படத்திலும் இருக்காது.

பறவையை உறையவைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1882இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியென் ஜூல் மரே துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். நொடிக்கு 12 படம். பறக்கும்போது சிறகு என்னதான் செய்கிறது? வெறுங்கண்ணுக்குப் பிடிபடாத அந்தக் கேள்விக்காகத்தான் அவருக்குத் துல்லியம் தேவைப்பட்டது. நம்முடைய 1/3200க்குப் பின்னால் என்ன கேள்வி இருக்கிறது?

மசாஹிசா ஃபுகாசேயின் 'கராசு' (1986) நூலைப் பாருங்கள். கராசு என்றால் காகம். மணமுறிவின்போது, 1970களின் நடுவில், பிறந்த மண்ணான ஹொக்கைடோவுக்குப் போன பயணத்தில் தொடங்கிய தொடர் அது. கறுப்பு வெள்ளை, சொரசொரப்பான படங்கள். சிலவற்றில் காகம் வெறும் கறை. இரவில் ஃப்ளாஷ் பட்ட கண்கள் வெள்ளைப் புள்ளிகள். நம்ம குரூப்பில் போட்டால் "ஃபோகஸ் போச்சு ப்ரோ" என்பார்கள். ஆனால் நடுவே காற்றில் முடி பறக்கும் பள்ளி மாணவிகள் வருகிறார்கள். அதுவரை காகங்களைப் பார்த்துவந்த நமக்கு அந்த முடியும் சிறகாகத் தெரிகிறது. ஒருவன் தன் தனிமையோடு எதைப் பார்த்தாலும் அது காகமாகிவிடுவதை இந்நூல் காட்டுகிறது.

அப்படியென்றால் மங்கலாக எடுத்தால் கலையா? இல்லை. பழக்கமாகிவிட்டால் மங்கலும் இன்னொரு கோழித்தோல்தான்.

நான் பொறியாளன். அளக்க முடிந்ததை நம்பிப் பழகியவன். போன மாதம் கோல சிலாங்கூரில் எடுத்தவற்றில் ஷார்ப்பாக இல்லாததையெல்லாம் ஒரே மூச்சில் அழித்தேன். அதில் ஒன்று, மழைக்கு முன் சேற்றிலிருந்து எழும்பிய சாம்பல் நாரை. சிறகு கலைந்து, தலை பாதி வெட்டுப்பட்டு, கால் இன்னும் சேற்றை விடாமல். அன்று எடுத்ததில் எனக்கு இப்போது ஞாபகமிருப்பது அந்த ஒரு படம் மட்டும்தான்.