சுடுதண்ணீர் மெசின் வாங்குமுன் அதன் புகைக்குழாயைப் பாருங்கள்

சுவரில் மாட்டும், பெரிய தொட்டி இல்லாத காஸ் சுடுதண்ணீர் மெசின் ரொறன்ரோவில் இப்போது யாருக்கும் புதிதல்ல. எங்கள் பேஸ்மென்டில் இலையுதிர் காலத்தில் பூட்டியது நேவியன் என்பிஇ-240ஏ2. அதன் இலக்கங்களெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். இரண்டு குளியலறைகளில் ஒரே நேரம் குளித்தாலும் சூடு இறங்குவதில்லை. உள்ளே சிறு தொட்டியும் சுழற்சிப் பம்பும் இருப்பதால், தண்ணீர் சூடாகி வரும்வரை குழாயைத் திறந்துவிட்டுக் காத்து நிற்கவும் வேண்டாம். மெசினில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தை மாதக் குளிரில் ஓர் இரவு அது நின்றுபோனதே, அதற்குக் காரணம் அதன் தலையிலிருந்து புறப்படும் புகைக்குழாய்.

பழைய தொட்டி மெசினின் புகை கொதிக்கக் கொதிக்கத் தகரக் குழாயில் ஏறி, தன் சூட்டாலேயே கூரைக்குப் போய்விடும். இந்தப் புது மெசினோ புகையில் மிஞ்சும் சூட்டையும் பிழிந்து எடுக்கிறது. காஸ் எரியும்போது உண்டாகும் நீராவி ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே இறங்கியதும் தண்ணீராகிறது. 90 சதவீதத்துக்கு மேல் செயற்திறன் கிடைப்பது அதனால்தான். சூடு போன புகை தானாக மேலே ஏறாது, விசிறிதான் தள்ள வேண்டும். கூடவே குழாய்க்குள் நாள் முழுக்க அமிலத் தண்ணீர் ஊறுகிறது. இதற்குத் தகரமும் செங்கல் புகைபோக்கியும் தாங்காது என்பதால்தான் பிளாஸ்டிக் குழாய்.

பிளாஸ்டிக் என்றதும் பூட்ட வருபவர்களுக்கு ஓர் அலட்சியம் வந்துவிடுகிறது. விலை கேட்க அழைத்த ஒருவர், “அண்ணை, வெள்ளைப் பைப்தானே, எதைப் போட்டால் என்ன?” என்றார். எதையும் போட முடியாது. கழிவுநீருக்குப் போடும் கறுப்பு ஏபிஎஸ், நடுவில் நுரை வைத்த பிவிசி இரண்டையும் கனடாவில் புகைக்குப் போடக்கூடாது. குழாயின் மேல் யூஎல்சி எஸ்636 என்ற தரக்குறி அச்சிட்டிருக்க வேண்டும். அதிலும் சாதாரண பிவிசி 65 பாகை வரைக்கும், சிபிவிசி 90 பாகை வரைக்கும்தான். ஒரு கம்பனியின் குழாய்க்கு இன்னொரு கம்பனியின் எல்போவைச் சேர்க்கவும் கூடாது. மெசினிலிருந்து முதல் மூன்று அடிக் குழாயைப் பலகை போட்டு மூடாமல், பார்த்துச் சோதிக்கிற மாதிரி விடவேண்டும். இவை வெறும் சம்பிரதாயம் அல்ல. பிளாஸ்டிக் மெல்ல இளகி மூட்டு விட்டால், புகை கூரைக்குள் கசிவது யார் கண்ணுக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் குழாய் சரியானதுதான், தொங்கவிட்ட விதம்தான் பிழை. மார்கழியிலிருந்தே மெசின் ஓடும்போது கூரைக்குள் களக் களக் என்று ஒரு சத்தம். பூட்டியவரைக் கேட்டால் “காற்று” என்று சொல்லிவிட்டார். மெசின் நின்ற மறுநாள் வந்த வேறொரு தொழில்நுட்பவியலாளர் குழாயோடு மட்டப்பலகையை வைத்தார். குமிழி எதிர்ப்பக்கம் ஓடியது. அடிக்குக் கால் அங்குலம் வீதம் மெசினை நோக்கிச் சரிய வேண்டிய குழாய், தாங்கிகளை எட்ட எட்ட அடித்ததால் நடுவில் வயிறு தள்ளி நின்றது. “இதுக்குள்ள தண்ணி நிக்குது அண்ணை” என்று அவர் தட்டிக் காட்டினார். விசிறியால் அந்தத் தண்ணீரைத் தாண்டிப் புகையைத் தள்ள முடியாமல் போனதும் மெசின் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. அப்படி நின்றதற்காக அதன் மேல் மதிப்புத்தான் கூடியது. தாங்கிகளை நெருக்கி அடித்த பிறகு, வடியும் தண்ணீர் சுண்ணாம்புக்கல் நிரப்பிய டப்பா வழியாக அமிலம் முறிந்து சத்தமில்லாமல் வடிகாலுக்குப் போகிறது.

வெளியே குழாய் முடியும் இடத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஓர் ஆள் நடக்கும் அகலம்தான். பலரும் புகையை அந்தச் சந்தில்தான் விடுகிறார்கள். ஒரு லட்சம் பிடியூவுக்கு மேற்பட்ட மெசின் என்றால் குழாயின் முனை திறக்கும் ஜன்னலிலிருந்து மூன்று அடி, காற்றை உள்ளிழுக்கும் இயந்திரத் துவாரத்திலிருந்து ஆறு அடி தள்ளி இருக்க வேண்டும். அந்த ஜன்னல் அயல்வீட்டுக்காரருடையது என்றாலும் விதி அதுதான். தரையிலிருந்து அல்ல, பனி குவியக்கூடிய உயரத்திலிருந்து ஓர் அடி மேலே இருக்க வேண்டும். காஸ் மீற்றருக்குப் பக்கத்தில் விட்டால் ஈரப்புகை ரெகுலேட்டரின் மூச்சுத் துளையில் உறைந்துவிடும்.

புகைக்கு வழி இல்லாமல் போனால் உயிரே போகலாம். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்ரொக் நகரில் காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டு, உள்ளே தேங்கிய காபன் மொனொக்சைட் நச்சுவாயுவால் ஒரு பொலிஸ் அதிகாரியும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இறந்தார்கள். அந்த வீட்டில் காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கவில்லை. அவர்களின் பெயரால் 2013இல் நிறைவேறிய ஹோக்கின்ஸ் ஜிக்னாக் சட்டத்துக்குப் பிறகுதான் எரிபொருள் மெசின் உள்ள வீடுகளில், உறங்கும் அறைகளுக்கு அருகே அலாரம் கட்டாயமானது. எங்கள் ஆட்களின் எத்தனையோ பேஸ்மென்டுகளில் மெசின் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், படிக்க வந்த பிள்ளைகளின் கட்டில் இந்தப் பக்கம்.

மெசினைத் தாராளமாக வாங்கலாம். ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏயில் பதிவுள்ள நிறுவனத்தையே கூப்பிடுங்கள். குழாய் எந்த வழியால் போய் எந்தச் சுவரில் முடியும் என்று நடந்து காட்டாமல் விலை சொல்பவரைத் திருப்பி அனுப்புங்கள். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருந்தால், கீழே படுப்பவர்களின் அறை வாசலில் அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே அழுத்திப் பாருங்கள்.